நூற்றுப் பன்னிரண்டு சிடியும் ஒரு பொட்டும்

எனக்குத் தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். அதைச் செய்து முடிக்கத்தான் வாரக்கணக்கில் ஆகும். நான் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க். அங்கே கம்ப்யூட்டர் வந்த புதிதில், பிரிண்டரில் சிக்கிக்கொண்ட காகிதத்தை ஒருமுறை கிழியாமல் உருவி எடுத்தேன். அன்றிலிருந்து நான் 'சிஸ்டம் தெரிஞ்சவர்'. அந்தப் பட்டத்தை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் யோக்கியன் இல்லை.

அதை நம்பித்தான் என் மச்சான் ஒரு சனிக்கிழமை காலையில், மூலக்குளத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கல்யாண வீடியோ எடுப்பவன். மடியில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருபவன் மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"மாமா, இத கம்ப்யூட்டரோட சேக்கணும். ஒங்களுக்குத் தெரியும்தான?"

"அதுக்கென்னா, சேத்துடலாம்" என்றேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "மொதல்ல பொட்டிக்குள்ள இன்னா இருக்குதுன்னு கேளுங்க."

கேட்டேன். தானாகவே சிடி போடும் மெஷின். ஒரு பக்கம் வெற்றுச் சிடிகளை அடுக்கி வைத்தால், நடுவில் நிற்கும் தூணில் ஏறி இறங்கும் ஒரு கை, ஒவ்வொன்றாக எடுத்து டிரைவில் வைக்கும். படம் பதிந்து முடிந்ததும் அதை எடுத்து மறுபக்கம் அடுக்கும். பழுதானதை முன்னால் தனியாகப் போட்டுவிடும். மனுஷன் பக்கத்தில் நிற்க வேண்டாம். எதைப் பதிய வேண்டும் என்று சொல்வதற்கு மட்டும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். லாஸ்பேட்டையில் கல்லூரிப் பாடங்களைப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர், மகனோடு இருக்கப் பிரான்சுக்குக் கிளம்பும்போது, தூக்கிப் போட மனசு வராமல் இதை மச்சானிடம் தந்துவிட்டுப் போயிருக்கிறார். சரியாகச் சொன்னால் இதில் பதிவது டிவிடி. ஆனால் எங்கள் பக்கம் வட்டமாகப் பளபளவென்று இருப்பதெல்லாம் சிடிதான். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

"இந்தக் காலத்துல எவன்டா சிடி கேக்கறான்?"

"கேக்கறாங்க மாமா. நூத்துப் பன்னெண்டு."

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தைத் தாண்டிக் கடலோரமாக ஒரு மீனவ ஊர். மச்சானுக்கு வருஷத்தில் பாதி வேலை அங்கேதான் இருந்தது. அந்த ஊரில் எதைக் கொடுத்தாலும் தலைக்கட்டுக் கணக்கில் கொடுக்க வேண்டும். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. கோயில் பிரசாதமோ, கல்யாண வீட்டுத் தேங்காயோ, எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி போய்ச் சேர வேண்டும். ஒருவருக்கு முந்தி ஒருவருக்குப் பிந்தி என்றால் பஞ்சாயத்துக் கூடிவிடும். கல்யாண சிடிக்கும் இதே சட்டம். போட்டுப் பார்க்கப் பிளேயர் இல்லாத வீட்டுக்கும் சிடி போயாக வேண்டும்.

இந்தச் சட்டம் தெரிந்தும் மச்சான் போன வருஷம் ஒரு காரியம் செய்தான். தன் வீட்டு டிரைவில் ஒவ்வொன்றாகச் சிடி போட்டு, நாற்பது ஆனதும் ஆசை தாங்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். மீதியை அடுத்த வாரம் கொடுத்தான். அந்த ஒரு வாரத்துக்குள், சிடி வந்த தெருக்காரர்களோடு சிடி வராத தெருக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மச்சானைக் கோயில் வாசலில் நிற்க வைத்து, "இன்னொரு தபா இப்படி ஆச்சின்னா கேமராவத் தூக்கினு இந்தப் பக்கம் வராத தம்பி" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒரு வேலையும் இல்லை. இப்போது விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர் மனசு இளகி, "தெரியாம செஞ்சிட்டான், எம்மவன் கல்யாணத்த அவனே எடுக்கட்டும்" என்று பஞ்சாயத்தில் பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறார். கல்யாணம் நல்லபடியாக முடிந்து, படத்தையும் வெட்டி ஒட்டியாகிவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்புவதற்குள், ஆண்கள் எல்லாரும் கரையில் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் வைத்துக் கொடுக்க வேண்டும். மூன்று வாரம் இருக்கிறது. தவறினால் அந்த ஊர் மச்சானுக்கு இல்லை.

"லிங்க் அனுப்பிட்டாத்தான் என்னா?"

"அதையும் சொல்லிப் பாத்துட்டேன் மாமா. லிங்க் வந்தவன் வந்துச்சின்னு ஒத்துக்குவானா? கையில குடுத்தா நாலு பேர் பாக்கறாங்க."

"நூத்துப் பன்னெண்டுன்னு நல்லாக் கேட்டியா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளயோட அப்பாவே சொன்னாரு. கல்யாணம் பேசி முடிச்ச அன்னிக்கே தலைக்கட்டு நோட்டப் பாத்து எண்ணிச் சொல்லிட்டாரு."

பையிலிருந்து வெற்றுச் சிடிகளை எடுத்து வைத்தான். நூற்று இருபத்தைந்து. அவன் ஊரெல்லாம் அலைந்து, கடையை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம் இருந்ததை அப்படியே அள்ளி வந்தது. இதற்கு மேல் புதுச்சேரியில் கிடைக்காது என்றான். முகூர்த்தக் காலம், அவனுக்குத் தினம் ஒரு கல்யாணம். மெஷினை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். போகும்போது அக்காவிடம் எதையோ மெதுவாகச் சொன்னான். "அவர நம்பித்தான் குடுத்துட்டுப் போறேன்" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போயிடல, தூக்கிட்டுப் போ" என்று அவள் சொன்னதும் விழுந்தது.

எங்கள் கம்ப்யூட்டர் மகளின் படிப்புக்காக வாங்கியது. அவள் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு, பூ வேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு ஹால் மூலையில் ஓய்வாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் துணியை விலக்கி, கொஞ்ச நேரம் சீட்டு விளையாடித் தோற்றுவிட்டு, மறுபடி போர்த்திவிடுவேன். இப்போது அதன் பக்கத்தில் மெஷினை வைத்து, ஒரு வயரை மின்சாரத்துக்கும் ஒரு வயரைக் கம்ப்யூட்டருக்கும் கொடுத்து, பெட்டியில் இருந்த சாப்ட்வேரை ஏற்றி, சுவிட்சைப் போட்டேன். கை 'கிர்ர்ர்' என்று உச்சிவரை ஏறி, இறங்கி, நின்றது. நானும் இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. பிரெஞ்சில்.

லாஸ்பேட்டைக்காரர் மெஷினைப் பிரான்சிலிருந்து வரவழைத்திருக்கிறார். சாப்ட்வேர் பிரெஞ்சு, கூட வந்த புத்தகமும் பிரெஞ்சு. புதுச்சேரிக்காரன் என்றால் பிரெஞ்சு தெரிந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அந்த நினைப்பை நான் ஒருநாளும் கெடுத்ததில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, ஒயிட் டவுன் பக்கம் போனால் தெருப் பலகையைப் படிக்கிற அளவுதான். 'ரூய்' என்றால் தெரு. திரையில் வந்த கேள்வியில் தெரு எதுவும் இல்லை. கீழே 'உய்' என்று ஒரு பொத்தான், 'நோன்' என்று ஒரு பொத்தான். ஆபீஸில் இத்தனை வருஷமாக எதற்கும் ஆமாம் சொல்லியே காலம் தள்ளியவன், இங்கேயும் 'உய்' என்றேன். அடுத்த கேள்விக்கும் 'உய்'. ஏழாவது 'உய்'யில் சாப்ட்வேர் தன்னைத் தானே அழித்துக்கொண்டது.

"நவுருங்க" என்றாள் என் மனைவி.

பள்ளிக்கூடத்தில் மார்க் வரும் என்று பிரெஞ்சு எடுத்துப் படித்தவள் அவள். மார்க் வந்தது, அதற்குப் பிறகு அந்தப் பாஷைக்கும் அவளுக்கும் போக்குவரத்து இல்லை. கையை முந்தானையில் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை எட்டத்தில் பிடித்து எழுத்துக்கூட்டினாள். நான் பின்னால் கைகட்டி நின்றேன்.

"மெஷின சமமான எடத்துல வெக்கணுமாம். ஒங்க மேஜ சமமா?"

மேஜை சமம்தான். தரைதான் தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் சாய்வு. வீடு கட்டும்போது மேஸ்திரியிடம் சொல்லிச் சொல்லி அந்தச் சாய்வை வைக்கச் சொன்னதும் நான்தான். மச்சான் கொடுத்துவிட்டுப் போயிருந்த அதே கல்யாணத்துப் பத்திரிகைகள் நாலு கிடந்தன. மடித்து மேஜைக் காலுக்கு அண்டை கொடுத்தேன். மணமக்கள் அன்றிலிருந்து மூன்று வாரம் அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள்.

"அடுத்தது?"

"கை வேல செய்யும்போது கொழந்தைங்கள தள்ளி வெக்கணும்." பக்கத்தைத் திருப்பினாள். "கொழந்தைங்களையும் வூட்டுக்காரரையும்னு போட்டிருக்குது."

"அப்படியா போட்டிருக்குது?"

"எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுக்கு அப்படித்தான் வருது."

சாப்ட்வேரை மறுபடி ஏற்றினாள். எதற்கு 'உய்', எதற்கு 'நோன்' என்று அவள் சொல்ல, நான் பொத்தானை மட்டும் அமுக்கினேன். பிறகு கைக்கு இடம் சொல்லிக் கொடுக்கும் வேலை. டிரைவின் தட்டு வெளியே நீண்டிருக்கும். அதன் நடுக்குழிக்கு நேராகக் கை இறங்கும்படி திரையில் அம்புக்குறியை அமுக்கி, மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். என் கணக்குக்குச் சரியாக இருந்தது. கையின் கணக்குக்கு மூன்று விரல் தள்ளி இருந்தது. சிடியைப் பெருமையோடு எடுத்து வந்து, தட்டைத் தாண்டிக் காற்றில் வைத்தது. சிடி தரையில் விழுந்து, சாய்வைப் பிடித்துக்கொண்டு, நேராகப் போய் ஃபிரிட்ஜுக்கு அடியில் புகுந்தது. தென்னந்துடைப்பத்தை விட்டு எடுத்தபோது, காணாமல் போயிருந்த ஒரு கரண்டியும் கூட வந்தது. "மெஷின் ஒண்ணுக்காவது ஒதவுச்சே" என்றாள்.

இடம் சரியானதும் வேறு வில்லங்கம். கை சிடியை வைக்கும், தட்டு உள்ளே போகும். உடனே கம்ப்யூட்டர், யாரோ படம் பார்க்கச் சிடி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தானாகவே திறந்து பார்க்க ஆரம்பிக்கும். மெஷினின் சாப்ட்வேர் அதே டிரைவைத் தனக்குக் கேட்கும். ஒரே இலைக்கு இரண்டு பேர் சாம்பார் ஊற்ற நிற்கிற மாதிரி இரண்டும் நிற்க, கை மேலே காத்துக்கொண்டிருக்கும். தானாகத் திறக்கிற அந்தப் பழக்கத்தை நிறுத்தும் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. அது பிரெஞ்சில்கூட இல்லை. எங்கள் கம்ப்யூட்டரிலேயே, நான் வாராவாரம் பார்க்கிற இடத்தில் இருந்தது.

பிறகு ஒருநாள், சிடியைத் தூக்கிய கை அப்படியே பாதி வழியில் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், அரை மணி நேரமாக யாரும் தொடவில்லை என்று கம்ப்யூட்டர் தூங்கிவிட்டிருந்தது.

"ஒங்க கூடவே இருந்து பழகிடுச்சி" என்றாள்.

அதன் தூக்கத்தையும் நிறுத்தினேன். தினம் சாயங்காலம் ஏதாவது ஒரு கல்யாண மண்டப வாசலிலிருந்து மச்சான் போன் செய்வான். பின்னால் நாதஸ்வரம் கேட்கும்.

"மாமா, ஆச்சா?"

"ஆயிட்டே இருக்குது."

"எத்தினி ஆச்சி?"

"எண்ணிக்கைய விடு. தரம் எப்படி இருக்குதுன்னு கேளு."

உண்மையில் அதுவரை ஒன்றுகூட ஆகவில்லை. பழுதானவை மட்டும் ஒன்பது. அவற்றைப் பின்பக்க முருங்கையில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன், காக்காய் வராமல் இருக்கட்டும் என்று. காக்காய்கள் முகம் பார்க்க வந்தன.

கடைசி வில்லங்கம் எங்கள் ஊர்க் காற்று. தடைக்காலத்து வெயிலில் கடல் பக்கத்திலிருந்து வரும் புழுக்கம் தெரிந்ததுதான்; சட்டை முதுகில் ஒட்டும், நாளிதழ் கையில் ஒட்டும். அடுக்கி வைத்த சிடிகளும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. கை ஒன்றை எடுக்கப் போய் இரண்டைத் தூக்கி வந்து தட்டில் வைக்கும். தட்டு மூட முடியாமல் திணறும். திரையில் சிவப்பாக ஒரு வாக்கியம் வரும். அதற்குள் எனக்கும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் பிரெஞ்சில் மனப்பாடமாகிவிட்டது. இதில் இன்னும் மூன்று போயின.

மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழுது பன்னிரண்டு, மீதி நூற்றுப் பதின்மூன்று. இனி ஒன்று போகலாம், இரண்டு போகக் கூடாது. மச்சான் முகம் வந்து வந்து போனது. அக்காளைக் கட்டிய நாளிலிருந்து என் புளுகை நம்புகிற ஒரே ஜீவன் அவன்.

என் மனைவி வந்து சிடி அடுக்கை எடுத்தாள். ஓரத்தைக் கட்டை விரலால் 'சர்ர்' என்று சீவி விட்டாள். திருப்பிப் பிடித்து இன்னொரு முறை சீவினாள்.

"இன்னா பண்ற?"

"மழைக் காலத்துல அப்பளக் கட்ட பிரிக்காம எண்ணெயில போட்டா இன்னா ஆவும்? ஒட்டிக்கினுதான் வரும்." அடுக்கைத் திரும்ப மாட்டினாள். "இப்பப் போடுங்க."

கை இறங்கியது. ஒன்றே ஒன்றைத் தூக்கியது. வைத்தது. தட்டு உள்ளே போனது. இரண்டு பேரும் ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தோம். ஒன்பது நிமிஷம். தட்டு வெளியே வந்தது. கை சிடியை எடுத்து, சத்தமில்லாமல் மறுபக்கம் வைத்தது. அதை எடுத்து டிவியில் போட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளை தாலி கட்டினார். மூன்றாவது முடிச்சை அவர் அக்கா போட்டார். படம் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

என் மனைவி பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்து, சிடியின் வெள்ளைப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தாள்.

"எனக்கு?" என்று நெற்றியைக் காட்டினேன்.

"நீங்க இன்னும் பழுது வரிசையிலதான் இருக்கீங்க."

அதற்கப்புறம் பிரச்சினை இல்லை. ஞாயிறு மத்தியானமும், ஆபீஸ் விட்டு வந்த சாயங்காலங்களும், அடுத்த சனிக்கிழமை பகலும் கை ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அப்பளம் பிரிக்க, நான் எண்ணினேன். சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டு அடுக்கி நின்றது. பொட்டு வைத்த முதல் சிடி தனி. அது எனக்கு என்று அறிவித்தேன். ஆட்சேபம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் உறைகளோடு வந்தான். முன்பக்கம் மணமக்கள் படம், பின்பக்கம் வட்டமாகக் கண்ணாடித்தாள் வைத்த காகித உறை. எல்லாவற்றையும் போட்டு இரண்டு பையில் அடுக்கினோம். நான் என் சிடியைக் கைக்குட்டையில் சுற்றி, மிஞ்சிய உறைகளோடு ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, 'மெஷின ஓட்டினது நான்தான், இது மொதல் சிடி' என்று காட்டலாம் என்று ஒரு சின்ன ஆசை.

கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். பஞ்சாயத்தாரில் மூத்தவர் நாற்காலியில் தலைக்கட்டு நோட்டோடு இருந்தார். ஒவ்வொரு பேராகக் கூப்பிட, அவரவர் வந்து மச்சான் கையிலிருந்து வாங்கிப் போனார்கள். மச்சான் ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் கொடுத்தான். வாங்கியவர்கள், சரிதான் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்கள். ஐம்பது ஆனது. எண்பது ஆனது. பை காலியாகக் காலியாக மச்சானின் தோள் இறங்கிக்கொண்டே வந்தது. நூற்றுப் பன்னிரண்டாவதைக் கொடுத்துவிட்டு, கர்சீப்பால் முகத்தைத் துடைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பெரியவர் நோட்டில் பக்கத்தைத் திருப்பினார்.

"நூத்துப் பதிமூணு" என்று சொல்லி, மாப்பிள்ளையின் பேரைக் கூப்பிட்டார்.

கூட்டத்தில் விசில் கிளம்பியது. "தலைக்கட்டாயிட்டான்டா!" என்று கூட்டாளிகள் முதுகில் தட்டி அனுப்பினார்கள். ஊர் தன் பேரைச் சொல்லித் தனியாகக் கூப்பிடுவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டே நடந்து வந்தான். பெண்கள் பக்கத்தில் அவன் மனைவி எம்பிப் பார்த்தாள். அவள் வேறு ஊர்ப் பெண். இந்த ஊரில் தன் வீட்டுக்கு என்று வருகிற முதல் பொருள் இது.

மச்சானின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது.

அப்பா எண்ணிச் சொன்னது கல்யாணம் பேசி முடித்த அன்று. அன்றைக்கு அது சரியான கணக்குதான். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து ஒரு தலைக்கட்டு கூடிவிட்டது. எந்தக் கல்யாணத்தைப் படம் பிடித்தோமோ அதே கல்யாணம். இரண்டு மணி நேரப் படத்தில் இவன் முகம் வராத இடம் சாப்பாட்டுப் பந்தி மட்டும்தான். இவனுக்குத்தான் சிடி இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். அவருக்கும் அப்போதுதான் விளங்கியிருந்தது. "பெரியப்பா, எங்கிட்ட ஒண்ணு இருக்குது இல்ல. ஒரே வூடுதான. அவனும் அதுலயே பாத்துக்குவான்."

"அது ஒன் தலைக்கட்டுக்கு" என்றார் பெரியவர். "அவன் இனிமே ஒன் கணக்குல கெடயாது."

பின்னாலிருந்து ஒரு குரல்: "போன தபா பாதி ஊருக்கு இல்ல. இந்தத் தபா மாப்பிள்ளைக்கே இல்ல!"

சிரிப்பு எழுந்தது. நடந்து வந்த மாப்பிள்ளை பாதியில் நின்றுவிட்டான், என் மெஷினின் கை மாதிரி. போவதா, திரும்புவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னா தம்பி," என்று பெரியவர் மச்சானைப் பார்த்தார். "இருக்குதா, இல்லியா?"

மச்சான் காலிப் பைக்குள் கையை விட்டுத் துழாவினான். இல்லாதது தெரிந்தும் துழாவினான்.

"இருக்குது!" என்று கத்தியது நான்தான்.

ஸ்கூட்டருக்கு ஓடினேன். சீட்டுப் பூட்டு என்றைக்கும் போல ஒரு குத்து வாங்கிக்கொண்டுதான் திறந்தது. கைக்குட்டையை அவிழ்த்து, மிச்சமிருந்த ஒரு உறையில் போட்டு, மூச்சு வாங்கப் பெரியவர் கையில் கொடுத்தேன். ஆசையாக வைத்திருந்தது கையை விட்டுப் போகிறதே என்ற வருத்தம்கூட, ஓடின ஓட்டத்தில் பின்தங்கிவிட்டது.

பெரியவர் மாப்பிள்ளையிடம் கொடுத்தார். அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். கண்ணாடித்தாள் வழியாகப் பொட்டு சிவப்பாகத் தெரிந்தது. நேராகப் போய் மனைவியிடம் கொடுத்தான். அந்தப் பெண் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மச்சான் மூச்சு விட்டான். நானும் விட்டேன். நோட்டு மூடப்பட்டது.

"ஏம்பா, அவனுக்கு மட்டும் இன்னா பொட்டு?"

யார் கேட்டது என்று தெரியவில்லை. ஆனால் கேட்டாகிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் உறையைத் திருப்பிப் பார்த்தார்கள். வெள்ளை. வெறும் வெள்ளை.

"எங்களுது மட்டும் மூளியாக் கெடக்குது?" என்றாள் ஒரு அம்மாள்.

பெரியவர் நோட்டை மறுபடி திறந்தார். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில், சின்ன வயசிலிருந்து அவன் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

ஒரு நல்ல பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவசரத்துக்கு ஒன்றும் வரவில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "ஐயா, மெஷின்ல மொதமொதல்ல சரியா வந்தது அது. எங்க வூட்டுல பொட்டு வெச்சி சாமிகிட்ட வெச்சாங்க. கணக்குல வராத சிடி. பெருமைக்காக எனக்குன்னு ஒளிச்சி வெச்சிருந்தேன்."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பு வந்ததோ என்னவோ, மீசையைத் தடவிக்கொண்டார். "அதுல ஒண்ணும் கொற இல்ல. எல்லாத்துக்கும் வெச்சிட்டாப் போச்சி." பூசாரியைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

குங்குமத் தட்டு வந்தது. கூட்டம் சூழ்ந்துகொண்டது. பிரச்சினை தீர்ந்தது என்று நான் பந்தல் காலில் சாய்ந்த அதே நேரத்தில், மூளி என்று சொன்ன அம்மாள் உறையிலிருந்து சிடியை உருவி, குங்குமத்தை நன்றாகத் தொட்டு, பளபளவென்று இருந்த பக்கத்தில் நடுவாக ஒரு பொட்டு வைத்தாள்.

"எம்மா! அந்தப் பக்கம் வேணாம்மா!" என்று மச்சான் பாய்ந்தான்.

"மொகத்துலதானப்பா பொட்டு வெப்பாங்க? முதுவுலயா?"

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒரு பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, ஒரு பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. எது முகம் என்று யாரைக் கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள். படம் பதிந்திருப்பதும் அந்தப் பக்கம்தான். நானும் மச்சானும் ஆளுக்கொரு கர்சீப்போடு, "வெள்ளப் பக்கம்! வெள்ளப் பக்கம்!" என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தோம். அதற்குள் ஏழெட்டுச் சிடிகள் முகத்தில் பொட்டோடு மங்களகரமாக இருந்தன. சுற்றித் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளியே துடைக்க வேண்டும் என்று அந்தப் பிரெஞ்சுப் புத்தகத்தில் என் மனைவி படித்துச் சொன்னது அப்போதுதான் கைகொடுத்தது. மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "எல்லாரும் கேளுங்க. வெள்ளைல வெக்கணுமாம். சிஸ்டம் தெரிஞ்சவர் சொல்றாரு" என்று மைக்கில் அறிவித்தார். என் பட்டம் எனக்கு முன்னாலேயே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மச்சான் வேலைதான்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என் கையைப் பார்த்துப் பயந்துவிட்டாள். விரலெல்லாம் சிவப்பு.

"அடிச்சிட்டாங்களா?"

"குங்குமம்."

நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதுதான், அப்பளம் பிரித்தவள் என்று அவளைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு உறைத்தது. அவள் அதைக் கேட்கவில்லை. "அப்ப அந்த மொதல் சிடி அந்தப் பொண்ணுகிட்ட இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் காலியாக இருந்த இடத்தில் விளக்கை நகர்த்தி வைத்தாள்.

படகுகள் கடலுக்குப் போய்ப் பத்து நாள் இருக்கும். மச்சான் வந்தான். கையில் ஒரு கிலோ வஞ்சிரம். மாப்பிள்ளையின் அப்பா கொடுத்தனுப்பியது. சிடி எல்லா வீட்டிலும் ஓடுகிறதாம். ஒரே ஒரு வீட்டில் மட்டும் தாலி கட்டுகிற இடத்தில் நிற்கிறதாம். அதுவும் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்களாம்.

"ஆவணியில அங்க இன்னொரு கல்யாணம், மாமா. என்னையே எடுக்கச் சொல்லிட்டாங்க."

"வெத்து சிடி?"

"காரைக்கால்ல ஒருத்தருகிட்ட இருக்குதாம். சொல்லி வெச்சிட்டேன்." சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தான். "நூத்துப் பதிமூணு தலைக்கட்டு. மாப்பிள்ளையச் சேத்து நூத்துப் பதினாலு."

"குங்குமம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அது நம்ம வெக்க வேணாமாம் அக்கா. இனிமே கல்யாண சிடின்னா கோயில்லயே பூசாரி பொட்டு வெச்சித்தான் குடுக்கணும்னு பேசி முடிச்சிட்டாங்க." என் பக்கம் திரும்பினான். "எந்தப் பக்கம் வெக்கணும்னு மட்டும் மாமா வந்து நின்னு சொல்லணுமாம்."

"அதுக்கென்னா," என்றேன். "சொல்லிடலாம்."